கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த புதிதில் எனக்கும் என் கணவருக்கும் பேசிக்கொள்ள இடம் இல்லை. இப்போது சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் மாட்டுக் கொட்டகை. அதற்குள் மாமனார், மாமியார், கல்யாணமாகாத இரண்டு நாத்தனார்கள், கொழுந்தன், நாங்கள். நெல் மூட்டை அடுக்கும் சின்ன அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்குக் கதவு கிடையாது, பழைய புடவையில் ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் யாராவது புரண்டு படுத்தாலும் இந்தப் பக்கம் கேட்கும். அப்படியானால் இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் கேட்காமலா இருக்கும்? நாங்கள் வாயைத் திறப்பதே இல்லை.

அவர் ரைஸ் மில்லில் மெக்கானிக். மில்லில் அவர் பெரிய பேச்சுக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் இருந்தால் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அலுப்பே தெரியாதாம். அந்தப் பேச்சுக்காரரை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வரும் மனிதர் குனிந்த தலையோடு சாப்பிட்டுவிட்டு, "மோர் கீதா?" என்று மட்டும் கேட்பார். இருக்கிறதென்று ஊற்றுவேன். எனக்கு அந்த இன்னொருவரைப் பார்க்க வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது. கட்டிக்கொண்ட புருஷனைப் பார்க்க ஏங்கினேன் என்றால் வேடிக்கைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் அவர் யார் முகத்தையும் பார்க்காமல், "ம்மா, கோயிலுக்குப் போய்ட்டு வரோம்" என்றார்.

மாமியாருக்குச் சந்தோஷம். "போய்ட்டு வாங்க. நல்லா வேண்டிக்கினு வா" என்று என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார்.

முதலில் ஊருக்குள்ளேயே இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். சுவரெல்லாம் கல்வெட்டு. நாங்கள் அதைப் படிப்பதுபோல ஒரு மூலையில் நின்றோம். அவர் "உனுக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள் மில் கணக்குப்பிள்ளையின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு மாகறல். சைக்கிளின் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனேன். வழியில் அவர் பேசிக்கொண்டேதான் வந்தார், ஆனால் செய்யாற்றுக் காற்று பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கோயிலில் குருக்கள் என் மாமனாருக்குத் தெரிந்தவர். உடும்பின் வால் மாதிரி இருக்கும் லிங்கத்தைக் காட்டி, கதையெல்லாம் சொல்லி, கிளம்பும்வரை எங்கள் கூடவே இருந்தார். சாமி நன்றாகத்தான் இருந்தது. நாங்கள்தான் தனியாக இல்லை.

பிறகு அவர் மில்லுக்கு வரும் லாரி டிரைவர்களிடம், கூட்டமே இல்லாத கோயில் எது என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஒரு டிரைவர் மாமண்டூரைச் சொன்னார். "மலையக் கொடஞ்சி ரூம் மாதிரி வெச்சிருக்கான் அந்தக் காலத்துல. சாமியும் இல்ல, பூசையும் இல்ல. அங்க எவன் போவான்?"

நாங்கள் போனோம். காஞ்சிபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து வந்தவாசி போகும் பஸ். இறங்கி நடந்தால் வயல்களைத் தாண்டி ஒரு சிறு பாறைக் குன்று. அதன் வயிற்றில் இருட்டாக வாய் திறந்திருந்தது குகை. கிட்டே போனால்தான் அது குகை இல்லை, மண்டபம் என்று தெரிந்தது. பருத்த தூண்கள், மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. உள்ளே சாமி இல்லாத வெறும் கருவறைகள். கல் அவ்வளவு வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. வௌவால் நாற்றம் கொஞ்சம். வெளியே எங்கோ ஒரு மாட்டு மணி.

நான் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார். இவ்வளவு நாள் ஏங்கியது கைக்கு வந்ததும் எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. அப்புறம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மில் முதலாளி கோபத்தில் எப்படித் திக்குவார் என்று பேசிக் காட்டினார். கையை இடுப்பில் வைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அப்படியே அந்த மனிதர். நான் சிரித்தேன். புகுந்த வீட்டுக்கு வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. என் சிரிப்பு உள்ளே போய் கல்லில் முட்டி எனக்கே திரும்பி வந்தது. யாரோ இன்னொரு பெண் சிரிப்பதுபோல் கேட்டுப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். "பொத்தாத," என்றார் அவர். "இங்க யாரு கீறாங்க?"

அன்று பொழுது சாயும்வரை பேசினோம்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். முதலில் சிற்பமோ கல்லோ எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பேசுகிற வாய்க்கு நடுவே கண் சும்மா இருக்குமா? மெல்ல மெல்லப் பார்க்க ஆரம்பித்தோம். ஒருநாள் அவர் தூணுக்கும் தரைக்கும் நடுவில் விரல் நகத்தை ஓட்டி, இணைப்பைத் தேடினார். மெக்கானிக் புத்தி. இணைப்பே இல்லை. எழுந்து நின்று மேலேயும் பார்த்துவிட்டு, "இது வெச்ச தூண் இல்ல, வுட்ட தூண்" என்றார். சுற்றியிருந்த மலையையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு இதை மட்டும் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். அதற்கப்புறம் நான் எந்தத் தூணையும் சும்மா பார்த்ததில்லை.

அங்கேதான் ஒரு ஆட்டுக்காரம்மாவும் எங்களிடம் வந்து சேர்ந்தாள். என் அம்மா வயது இருக்கும். கையில் தொரட்டியோடு குகை வாசலில் திடீரென்று வந்து நின்றாள்.

"யாரு நீங்க? இன்னா பண்ணிக்கினு கீறீங்க உள்ள?"

அவர் எழுந்து நின்றார். "உத்திரமேரூரு. சும்மா பாக்க வந்தோம்க்கா."

"பாக்கறதுக்கு இங்க இன்னா கீது?" என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வூட்டுக்குத் தெரியாம ஓடியாந்துட்டீங்களா?"

நான் அவசரமாகத் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"தாலி கீது. சரி. இவன் கட்னதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கோ அழுகையே வந்துவிட்டது. "ஆமாக்கா, இவருதான்" என்றேன்.

"கட்டிக்கினவன் பொஞ்சாதிய இட்டுக்கினு இந்தப் பாறைக்கு வருவானா? வூடு இல்லையா உனுக்கு?"

"வூடு கீதுக்கா," என்றார் அவர். "வூட்ல எடம் இல்ல."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துவிட்டது. முகம் அப்படியே மாறியது. "அயுவாத புள்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அதன் பிறகு எப்போது போனாலும் சரிவில் ஆடுகளை மேயவிட்டு உட்கார்ந்திருப்பாள். வேறு யாராவது அந்தப் பக்கம் வந்தால், "இன்னா வேணும்? மேல பாம்பு கீது!" என்று அவள் கத்துவது எங்களுக்குக் கேட்கும்.

ஒருநாள் நான் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வந்தவள் நேராகக் கருவறை வரை போய், வாசற்படியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க ஊர்க் கோயில்ல எங்க ஆளுங்க வெளியதான் நிக்கணும். இங்க மட்டும் நான் உள்ளவே போவேன். கேக்கறதுக்கு ஆள் இல்ல" என்றாள். நானும் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். அந்தக் கருவறைக்குள் ஒன்றுமே இல்லை. இருந்தும் இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கால் நீண்டுகொண்டே போனது. குரங்கணில்முட்டத்தில் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டிய ஒரு குகை. மழைக்காலத்தில் போனதால் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீரில் நின்றபடியே, கதாயுதத்தில் சாய்ந்து நிற்கும் வாயிற்காவலரைப் பார்த்தோம். "டூட்டி முடியற நேரம் இவனுக்கு" என்றார் அவர். இன்னும் பெயர் தெரியாத ஊர்களில், வயல் நடுவே, ஆலங்கன்று முளைத்துப் பிளந்த விமானங்கள். முகம் தேய்ந்த அம்மன்கள். எங்கே கல் தெரிந்தாலும் அவர் சைக்கிளை நிறுத்திவிடுவார். மாமியார், "இவ்ளோ கோயிலுக்குப் போறீங்க, ஒரு சாமிகூட கண்ணத் தொறக்கலியே" என்று பெருமூச்சு விடுவார்.

அப்போதுதான் மஸ்கட் வந்தது.

நாத்தனார்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு நின்றார்கள். ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை, நல்ல கம்பெனி என்று யாரோ சொல்ல, மாமனார் முடிவு செய்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. அவரையும் அவ்வளவாகக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமண்டூருக்குப் போனோம். பேச எவ்வளவோ இருந்தது. அவர் தூணின் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "நீ வுட்றாத. வந்துகினே இரு" என்றார்.

ஒரு பெண் தனியாக அப்படிப் போவதா? முதல் சில மாதம் நான் கேட்கவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சொன்ன அதே மாதிரி, "கோயிலுக்குப் போய்ட்டு வரேன் அத்தை" என்றேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "பொழுதோட வந்துடு" என்றார்.

தனியாகப் போனால் உலகம் வேறு மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் எந்த சீட்டில் உட்காருவது என்பதிலிருந்து எல்லாம் யோசிக்க வேண்டும். "தனியாவா வந்த?" என்று கேட்காத ஆள் இல்லை. "முன்னால போறாங்க" என்று பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். அப்படியே வந்தவாசி தாண்டிச் சீயமங்கலம் வரை போய்விட்டேன். அந்தக் குகைத் தூண் ஒன்றின் மேலே காளையில் சாய்ந்தபடி சிவனும் பக்கத்தில் பார்வதியும், போட்டோவுக்கு நிற்கிற புதுத் தம்பதி மாதிரி. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. "ஏங்க, இதைப் பாருங்களேன்" என்று திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதல் லீவில் வந்தபோது அவர் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். வீடு நிறைய உறவுக்காரர்கள், சென்ட், சோப்பு, வெளிநாட்டுத் துணி. எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைக்கவில்லை. அவர் திரும்பிப் போன பிறகு கேசட் வர ஆரம்பித்தது. ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது பேசிக் கொடுத்தனுப்புவார். கூடத்தின் நடுவில் டேப்பை வைத்து எல்லோரும் சுற்றி உட்காருவோம். அப்பா, அம்மா, தங்கச்சி என்று ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு, கடைசியில் என் முறை வரும். "நல்லா கீறியா?" என்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு மூச்சு. அப்புறம் வெறும் இரைச்சல். பதில் பேசும்போதும் அப்படித்தான். மாமனார் டேப்பை என் முன்னால் நகர்த்துவார். "நல்லா கீறேன்" என்பேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் டேப் ரெக்கார்டரை ஒயர்கூடையில் வைத்து மேலே வாழைப்பழமும் பூவும் வைத்து மூடிக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது மாமியார் கூப்பிட்டார். நான் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.

"வெயில்ல பேட்டரி பூடப் போவுது. துணி சுத்திக்க" என்று ஒரு துண்டை நீட்டினார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. உள்ளே போய்விட்டார்.

குகையில் அதே தூணில் சாய்ந்து பட்டனை அமுக்கினேன். என்ன பேசினேன் என்று எழுதினால் வெட்கமாக இருக்கும். இரண்டு பக்கமும் தீரும்வரை பேசினேன். நடுவில் ஆட்டுக்காரம்மா வந்துவிட்டாள். யாரிடம் பேசுகிறேன் என்று கேட்டாள். சொன்னதும் டேப் பக்கத்தில் குந்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். "யோவ்! சம்பாரிச்சது போதும், வந்து சேரு. பொண்ணு எளச்சிப் பூட்டுது. நான் ஆடு மேய்க்கறதா, இதுக்குக் காவல் கீறதா?" பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "கேக்குமா அவனுக்கு?" என்றாள்.

கேட்டது. காஞ்சிபுரத்தில் அவர் கூட்டாளி வீடு ஒன்று இருந்தது. அது வழியாக எங்களுக்கென்று தனியாகக் கேசட் போய் வர ஆரம்பித்தது. அவரும் பேசினார், என் பேச்சுக்காரர். அறையில் ஆட்கள் படுத்துக்கிடப்பதால் தண்ணீர் லாரிக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு பேசுவாராம். "இங்கயும் சுத்தி மலைதான். ஒரு செதுக்கல்கூட இல்ல. மொட்டையா கீது. பாக்கவே பேஜாரா கீது" என்றார். நான் பார்த்த சிற்பத்தை நான் சொல்ல, அவர் கேள்வி கேட்டு அனுப்ப, பதில் போய்ச் சேரும்போது கேட்டது அவருக்கே மறந்திருக்கும். அவர் இருந்த மலைப்பக்கத்தில் கடை கிடையாது, என் கையில் காசு கிடையாது, புதுக் கேசட் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஒன்றின் மேலேயே திரும்பத் திரும்பப் பேசினோம். அவர் குரலை அழித்து நான். என் குரலை அழித்து அவர். அழிப்பதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டுவிட்டுத்தான் பட்டனை அமுக்குவேன். அப்போதும் கை வராது.

இரண்டாவது லீவுக்குப் பிறகு மகள் பிறந்தாள். மாமியார் போகாத கோயிலுக்கெல்லாம் போய்த் தேங்காய் உடைத்தார். கைக்குழந்தையோடு என் சுற்றல் நின்றுபோனது. கேசட்டும் குறைந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். காது கொஞ்சம் மந்தம், ஜெனரேட்டர் சத்தத்தில். தலையில் நரை. வந்த வேகத்தில் மாடியில் ஒரு அறை கட்டினார். தேக்குக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள். கட்டி முடித்து முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு இரண்டு பேரும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்தோம்.

பேச்சு வரவில்லை.

"மோர் கீதா?" என்று அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி ஆரம்பத்தில் பார்த்த அந்தக் குனிந்த தலைதான். இத்தனை வருஷம் எனக்கு அவர் ஒரு குரல். அவருக்கும் நான் ஒரு குரல். ஆள் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது? பக்கத்தில் படுத்திருக்கிறவருக்காக ஏங்குவது தூரத்தில் இருக்கிறவருக்காக ஏங்குவதைவிடக் கொடுமை. தூரத்தில் இருந்தபோதாவது வருவார் என்று காத்திருந்தேன்.

சில வாரம் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானே கேட்டேன், "கோயிலுக்குப் போலாமா?" காது கேட்காமல், "இன்னா?" என்றார். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் மட்டும் பார்க்கவில்லை.

மாமண்டூருக்குப் போக எனக்கு மனம் இல்லை. முந்தின தீபாவளிக்கு அந்தப் பக்கம் போனபோது ஆட்டுக்காரம்மாவை விசாரித்தேன். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அவள் இல்லாத சரிவைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் சீயமங்கலத்துக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். குகையில் அந்தத் தூணின் கீழே நிறுத்தி, "மேல பாருங்க" என்றேன்.

பார்த்தார். வெகுநேரம் அண்ணாந்தே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "காளை மேல சாஞ்சிக்கினு கீறார், அந்தம்மா இடுப்ப ஒடிச்சிக்கினு கீறாங்க, ரெண்டு பேரும் இப்பதான் இன்னாவோ பேசி முடிச்ச மாதிரி கீது" என்றார். நான் கேசட்டில் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்று மாறாமல். நானே மறந்துபோயிருந்தேன். "அந்தக் கேசட்ட அயிக்கச் சொல்லோ அயுதுட்டேன்" என்றார். "உன் மேல பேசறதுக்கு மனசே வரல. வேற கேசட் இல்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சொரசொரவென்று, கிரீஸ் வாசனையோடு இருந்தது. அவர் பேச ஆரம்பித்தார். லாரிக்குள் உட்கார்ந்து கேட்டது, பக்கத்து அறைக்காரன் இறந்துபோனது, திரும்பி வந்துவிடலாம் என்று பெட்டி கட்டிவிட்டு மறுபடி அவிழ்த்தது, கேசட்டில் சொல்லாத எல்லாம். வாயிலில் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். காது மந்தமானவர் என்பதால் அவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

திரும்பும்போது வந்தவாசி பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே அவர் பேசிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் சிரித்தார். வழியில் ஒவ்வொரு ஊரிலும் பஸ் நின்று ஆளை ஏற்றிக்கொண்டது. இன்னும் நிற்கட்டும், இன்னும் ஏறட்டும், வந்தவாசி வராமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.